பல் முளைக்காத சாட்சிகள்

அத்தியாயம் ஏழு

மூன்று மாதக் குழந்தை கொய்யாப்பழம் தின்னாது. இதைச் சொல்ல விஞ்ஞானப் பட்டம் தேவையில்லை. ஆனால் கண்டியில் அந்த ஆய்வுக்கூடத்தில் பட்டம் பெற்றவர்கள் நாலைந்து பேர் இருந்தும், போத்தலின் அடியில் கிடந்த விதைகளைப் பார்த்து "இது யாருடைய வயிறு?" என்று கேட்டவள் கமலாட்சி ஒருத்திதான். மற்றவர்கள் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கிருமி கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது அந்தப் போத்தல்கள் ஒரு மரப்பெட்டிக்குள் குலுங்கிக்கொண்டு ரத்தோட்டை வீதியில் மேலே ஏறிக்கொண்டிருந்தன. ஜீப்பை நுஹ்மான் ஓட்டினான். மாத்தளைக்காரன், கமலாட்சி 'நானா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவன். ஆய்வுக்கூடத்தில் அவன் உத்தியோகம் சாரதி. வாய்க்குத் தனி உத்தியோகம்.

"மிஸ், நான் மாத்தளையிலருந்து கொக்கோ ஏத்தியிருக்கேன். லக்கலையிலருந்து எள்ளு ஏத்தியிருக்கேன். ஒருக்கா யானை மிதிச்ச ஆளைக்கூட ஏத்தியிருக்கேன். இதை ஏத்தினதில்ல. வாப்பா என்ன சரக்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஆராய்ச்சின்னு சொல்லுங்க நானா."

"சொல்லலாம். ஆனா அவருக்கு மூக்கு இருக்கு."

கமலாட்சி சிரிக்கவில்லை. அவள் சிரிக்கிற நாள் வேறு.

விஷயம் இதுதான். வெள்ளைக்கல் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அதாவது தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டிலில், ஒரு மாதமாக நெருப்புக் காய்ச்சல் என்கிற டைபாய்டு. முதலில் கைக்குழந்தைகளுக்கு வந்தது. பிறகு அந்தக் குழந்தைகளின் அண்ணன் அக்காமார் சிலருக்கும் வந்தது. சிலர் மாத்தளை ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஒரு குழந்தை போயே விட்டது. கைக்குழந்தைகளிடமிருந்து கூடப்பிறந்தவர்களுக்கு நோய் எப்படிப் போகிறது என்று ஆய்வுக்கூடத் தலைவர் டாக்டர் ஸக்கரியா ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தபடியால், உடனே தோட்டத்துக்குப் போத்தல்கள் அனுப்பினார். குழந்தைக்கு ஒன்று, கூடப்பிறந்ததுக்கு ஒன்று, கொட்டிலோடு புழங்குகிற பெரியவர்கள் இரண்டு பேருக்கு ஒவ்வொன்று. ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. அவரவர் கழித்ததில் கொஞ்சம் அதற்குள் வரவேண்டும். வந்தது. எல்லாவற்றிலும் ஒரே கிருமி. ஆஸ்பத்திரியில் கிடந்த பிள்ளைகளின் உடம்பில் இருந்ததும் அதே கிருமி.

ஒரே ஒரு போத்தல்தான் காலியாகத் திரும்பியது. அது தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் கனகசபையுடையது. லயத்துக்காரர்களுக்கு அவர்தான் 'டாக்டரய்யா'; போத்தல்களை நிரப்பி வாங்கி அனுப்பும் பொறுப்பும் அவருடையதுதான். "எனக்கு நோய் வருத்தம் ஒன்றுமில்லை, தேவைப்படாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார். நல்ல சுத்தமான போத்தலாக இருக்கிறதே, வீட்டில் மிளகுத்தூள் போட்டு வைக்கலாமா என்று நுஹ்மான் கேட்டிருந்தான். கமலாட்சி அதையும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

கிருமி இருந்த போத்தல்களில் ஒன்று அழகம்மா பெயரில் இருந்தது. அழகம்மா பிள்ளைக் காம்பராவின் ஆயா. பெரியவர்களில் அவளுக்கு மட்டும் கிருமி என்றதும் தோட்டத்துக்கு வேறு யோசனை தேவைப்படவில்லை. அவளுக்குப் பத்துச்சீட்டு கொடுத்தாகிவிட்டது. அந்தத் துண்டுக் காகிதம் கைக்கு வந்தால் வேலையும் போகும், லயத்து வரிசையில் குடியிருக்கிற காம்பராவும் போகும். இன்று சாயந்திரம் அவள் சட்டிபானையோடு வெளியேற வேண்டும். விதவை. போக ஊர் கிடையாது.

"தோட்டத்துத் துரையோட பேசி சாயந்திரம் வரைக்கும் நிப்பாட்டி வெச்சிருக்கேன்," என்று காலையில் டாக்டர் ஸக்கரியா சொன்னார். "விதைக்கு ஒரு காரணம் கொண்டு வாங்க. இல்லாட்டி கிருமி கிருமிதான் கமலாட்சி."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு லயம் தெரியாது, அவ்வளவுதான். கமலாட்சிக்குத் தெரியும். அவள் பிறந்ததே வேறொரு தோட்டத்து லயத்தில்தான். அந்தத் தோட்டத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். இரண்டாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை. அவளுடைய வேலை தற்காலிகம். நிரந்தரமாக்கப் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்டார்கள். இந்த மண்ணில் பிறந்தவளிடம் அது இல்லை. கிருமிகளிடம் யாரும் பத்திரம் கேட்பதில்லை.

*

அழகம்மா பிள்ளைக் காம்பராவின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போகக் கூடாது என்று உத்தரவு. உள்ளே வரிசையாகச் சாக்குத் தொட்டில்கள். அவளுக்குப் பதிலாக கொழுந்து பறிக்கிற மலையிலிருந்து பிடித்து வந்து நிறுத்தியிருந்த சுந்தரம்மா எந்தத் தொட்டிலை ஆட்டுவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள்.

"அது பசிக்கு அழுவல. குப்புறப் போடு, சும்மா இருக்கும்," என்று அழகம்மா வாசலில் இருந்தபடியே சொன்னாள். "அந்தக் கடைசித் தொட்டில் முடிச்சு அவுறுது பாரு."

கமலாட்சி தான் யார் என்று சொன்னாள். அழகம்மா முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். அழுது முடித்த முகம்.

"உங்ககிட்ட போத்தலை யாரு குடுத்தா?"

"என்ன போத்தலுங்கம்மா?"

கமலாட்சி பெட்டியைத் திறந்து அவள் பெயர் ஒட்டிய போத்தலை எடுத்துக் காட்டினாள். அழகம்மா அதைப் பார்த்தாள். பிறகு இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"இது என்னோடதுன்னா சொல்றாங்க?"

"ஆமா."

"நான் இதைக் கண்ணாலயும் பாத்ததில்லீங்க. எனக்கு யாரும் ஒண்ணும் தரல. டாக்டரய்யா எங்கிட்ட பேசியே ஒரு வருசமாச்சு."

நுஹ்மான் தொண்டையைச் செருமினான். "அப்ப உங்களுக்காக வேற யாரோ கஷ்டப்பட்டிருக்காங்க."

உள்ளேயிருந்து சுந்தரம்மா எட்டிப் பார்த்தாள். அவளுடைய குழந்தையின் பெயரிலும் ஒரு போத்தல் இருந்தது. மூத்த மகன் பெயரில் ஒன்று, நடு மகள் பெயரில் ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்துக் காட்டியபோது அவள் ஒன்றைக்கூட அடையாளம் காணவில்லை. லயத்துப் பக்கம் யாரும் போத்தலோடு வரவில்லை. வந்திருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும் என்றாள். அதுவும் உண்மை.

கமலாட்சி ஒரு போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அடியில் மஞ்சளாய், பொடிக் கல் மாதிரி விதைகள். "இங்க கொய்யா மரம் எங்க இருக்கு?"

"டாக்டரய்யா வூட்டுலதாங்க," என்றாள் சுந்தரம்மா. "வேற எங்கயும் இல்ல. புள்ளைங்க வேலிகிட்ட போனா நாயை அவுத்து வுட்டுருவாரு. அந்த நாய் கீழ விழுந்த பழத்தையெல்லாம் தின்னு கொழுத்துக் கெடக்கு."

நுஹ்மான் கமலாட்சியைப் பார்த்தான். கமலாட்சி போத்தலைப் பார்த்தாள்.

"மிஸ்," என்றான் அவன் மெதுவாக. "அந்த நாயோடதா இருந்தா, துரை அதுக்கும் பத்துச்சீட்டு குடுக்கணுமே."

"வாயை மூடுங்க நானா." ஆனால் அந்த யோசனையை அவள் தூக்கிப் போட்டுவிடவில்லை. எதற்காவது உதவும் என்று ஒரு மூலையில் வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு இன்னொன்று தெரிய வேண்டியிருந்தது. "உங்க மூணு புள்ளைங்கள்ல யார் யாருக்குக் காய்ச்சல்?"

"கைப்புள்ளைக்கும் மூத்தவனுக்குங்க. ரெண்டும் ஆஸ்பத்திரியில. நடுவுலது நல்லா இருக்கு, அந்தா நடந்து வருது."

"மூணும் ஒரே பாயிலதானே படுக்குது?"

"வேற பாய் எங்கம்மா இருக்கு?"

நடு மகள் வந்து அழகம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. உத்தரவு அதற்குத் தெரியாது. இதற்கு யார் சோறு ஊட்டுவது என்று கமலாட்சி கேட்டாள்.

"நான்தாங்க, கையால," என்றாள் அழகம்மா. சொன்ன பிறகுதான் அது தனக்கு எதிரான சாட்சியோ என்று பயந்து கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். "இது பால் குடிக்காதுங்க. வாயில வெச்சாலே கக்கிரும். கஞ்சியும் சோறுந்தான்."

"மூத்தவன்? அவன் பள்ளிக்கூடம் போறவன்தானே? அவனுக்கும் இந்தக் கொட்டிலுக்கும் என்ன?"

சுந்தரம்மா தரையைப் பார்த்தாள். "இன்டவல் விட்டா இங்கிட்டு ஓடி வந்துருவாங்க. தம்பி குடிச்ச மிச்சப் பாலை வாங்கிக் குடிச்சுட்டுப் போவான். எல்லா மூத்ததுங்களும் அப்படித்தான். அதுங்களுக்கு வூட்டுல பால் ஏது?"

கமலாட்சி மூன்று போத்தல்களையும் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். அழகம்மாவின் கையால் தின்ற குழந்தை நடந்து வருகிறது. அந்தக் கை ஊட்டாத பள்ளிக்கூடத்துப் பையன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கிருமி கையைத் தேடி வரவில்லை. பாலைத் தேடி வந்தவர்களைப் பிடித்திருக்கிறது.

"பாலை யாரு கரைக்கிறா?"

"அது கலந்தே வாளியில வரும்மா, டிஸ்பென்சரியிலருந்து. பால்மா டின் எங்க கண்ணுல காட்ட மாட்டாங்க," என்றாள் அழகம்மா. "வூட்டுக்கு அள்ளிக்கிட்டுப் போயிருவோமாம்."

மத்தியானப் பால் இன்னும் வரவில்லை. இனித்தான் வரும்.

"வண்டியை எடுங்க நானா," என்றாள் கமலாட்சி.

*

டிஸ்பென்சர் கனகசபை நல்ல வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். வீட்டுக்கு முன்னால் கொய்யா மரம், மரத்தடியில் நாய், விறாந்தையில் மேசை, மேசையில் வெள்ளைத் துணி போட்டு மூடிய வாளி. கண்டியிலிருந்து வந்தவர்கள் என்றதும் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். கொய்யாப்பழத்தைத் தன் கையாலேயே நறுக்கி, உப்பும் காரமான கொச்சிக்காய்த்தூளும் தூவித் தட்டில் வைத்தார்.

"நம்ம மரத்துது. எடுங்க, எடுங்க."

கமலாட்சி எடுக்கவில்லை. நுஹ்மான் இரண்டு துண்டு எடுத்தான்.

"நீங்க எந்த ஊர் மிஸ்? கண்டியா?"

"தோட்டம். லயத்துல பொறந்தவ. இதே மாதிரி ஒரு புள்ளக் காம்பராவுல வளந்தவ."

கனகசபை தான் போட்ட நாற்காலியைப் பார்த்தார். போட்டது போட்டதுதான். திரும்ப எடுக்க முடியவில்லை.

"அப்ப உங்களுக்கே தெரியும்," என்றார். "இந்த ஜனங்களுக்கு சுத்தம்னா என்னன்னே விளங்காது. அந்த அழகம்மா மாதிரி ஒருத்திகிட்ட பால்மா டின்னை நம்பிக் குடுக்கலாமா? அதனாலதான் ரெண்டு மாசமா பாலை மட்டும் நானே கலக்குறேன். ஒருத்தரையும் தொட விடுறதில்ல."

"தண்ணியைக் கொதிக்க வெச்சா?"

"பின்ன? கொதிக்க வெச்சு ஆற வைப்பேன். சூடு சரியான்னு விரலை விட்டுப் பாப்பேன். கரண்டியால கலக்கினா கட்டி கட்டியா நிக்கும். நான் கையை விட்டுக் கட்டியை நசுக்கிக் கரைக்கிறது. நுரை மாதிரி வரும் பால். துரையே பாத்துட்டு மெச்சினாரு."

"உங்களுக்கு இந்தக் காய்ச்சல் தொத்தலையா?"

கனகசபை பெருமையாகச் சிரித்தார். "போன வருசமே எனக்கு வந்து போயிருச்சு. நெருப்புக் காய்ச்சல். செத்துப் பொழைச்சேன். அதுக்கப்புறம் ஒரு தும்மல்கூட கிடையாது. எரிஞ்ச காட்டுல நெருப்புப் புடிக்குமா?"

நல்ல உவமை. கமலாட்சி அதை மனதில் குறித்துக்கொண்டாள். பிறகு பெட்டியிலிருந்து போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொய்யாத் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்கினாள். நுஹ்மான் தன் துண்டை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"இதெல்லாம் பல் முளைக்காத புள்ளைங்களோட போத்தல். எல்லாத்துலயும் கொய்யா விதை. தோட்டத்துல கொய்யா மரம் உங்க வீட்டுல மட்டுந்தான் இருக்கு."

"அதுக்கு?"

"மூணு மாசக் குழந்தைக்குக் கொய்யாப்பழம் குடுத்திருக்கீங்க. அதுல ஒரு புள்ள செத்தும் போச்சு. இதை நான் பொலீஸ்ல சொல்லாம இருக்க ஏலாது."

கனகசபையின் சிரிப்பு அப்படியே நின்றது. "என்ன கதை இது? நான் ஏன் அதுங்களுக்குப் பழம் குடுக்கிறேன்? அந்தப் புள்ளைங்களை நான் கிட்ட நின்னு பாத்ததுகூட இல்ல."

"கிட்ட நின்னு பாக்காம போத்தல் எப்படி நிரம்பிச்சு?"

நாய் எழுந்து, உடம்பை உதறி, மறுபடி படுத்தது. நுஹ்மான் அதைப் பார்த்து மிக மரியாதையாகக் கேட்டான்:

"இவரோடதுங்களா?"

கனகசபையின் முகம் சிவந்தது. பொலீஸ் என்றபோது வராத கோபம் இப்போது வந்தது.

"நாயோடதை எடுத்து ஆராய்ச்சிக்கு அனுப்புவேனா? நான் என்ன, படிக்காதவனா? லயம் லயமா ஏறி எறங்கி அதுங்க கழிச்சதை நான் கையில வாங்கணுமா? அதுக்கா நான் உத்தியோகம் பாக்குறேன்? சுத்தமான ஆளு ஒருத்தனோடது போதாதா? எல்லாம் என்னோடதுதான்."

"எல்லாமா?"

"எல்லாந்தான். சும்மா ஒண்ணும் நடக்கல, தினமும் மெனக்கெட்டு நிரப்பினேன். சோம்பேறித்தனம்னு வேணும்னா சொல்லுங்க. கண்டிக்கு எழுதிப் போடுங்க. ஆனா குழந்தைக்குப் பழம் குடுத்தேன், நாயோடதை அனுப்பினேன்னு அபாண்டம் சொல்லாதீங்க."

"அழகம்மா பேர்ல இருந்ததும்?"

"அதுவுந்தான்."

"நுஹ்மான் நானா, கேட்டீங்களா?"

"ரெண்டு காதாலயும் மிஸ்."

கமலாட்சி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கடையில் உப்பு கேட்பது போல் பேசினாள்.

"இந்தப் போத்தல் எல்லாத்துலயும் கிருமி இருந்துச்சு, டாக்டரய்யா. ஒண்ணு பாக்கியில்லாம. ஆஸ்பத்திரியில கெடக்கிற புள்ளைங்க உடம்புல இருக்கிற அதே கிருமி. இத்தனை பேருக்குக் கிருமின்னு நாங்க நெனைச்சோம். இப்ப நீங்க சொல்றீங்க, ஒரே ஆளுக்குத்தான்னு."

கனகசபை புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. அது முகத்தில் மேலேயிருந்து கீழே மெதுவாக இறங்கியது. கண்ணுக்கு வந்தது, வாய்க்கு வந்தது, கடைசியில் கைகளுக்கு வந்தது. அவர் தன் விரல்களைப் பார்த்தார். கட்டியை நசுக்கிய விரல்கள்.

நுஹ்மான் மெல்லுவதை நிறுத்தினான்.

"காய்ச்சல் உங்களை விட்டுப் போச்சு," என்றாள் கமலாட்சி. "கிருமி போகல. சில பேருக்கு அப்படித்தான். வயித்துல குடியிருக்கும், ஆளுக்கு ஒண்ணும் பண்ணாது. கை வழியா வெளியில வரும்."

"எனக்கு... எனக்கு இது தெரியாதே."

"தெரியாதுதான். தெரிஞ்சுக்கத்தான் போத்தல் அனுப்பினோம்."

அவள் பெட்டிக்குள் கையை விட்டுக் கடைசிப் போத்தலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கனகசபை என்று பெயர் ஒட்டிய, கழுவித் துடைத்த, காலிப் போத்தல்.

"தோட்டத்துல இருக்கிற அத்தனை பேர் போத்தல்லயும் நீங்க இருக்கீங்க. உங்க போத்தல்ல மட்டுந்தான் நீங்க இல்ல."

கமலாட்சி எழுந்து வாளியின் துணியை எடுத்தாள். பால் நுரை மாதிரித்தான் இருந்தது. அதில் பொய் சொல்லவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். நாய் நக்கவும் கூடாது என்று அதைக் காலால் தள்ளிவிட்டு, கழிவுநீர்க் கானுக்குள் கொட்டினாள். அந்தத் தோட்டத்தில் பசும்பாலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளுக்கு வந்த பால் அது. அதைக் கொட்ட வேண்டியிருந்ததே என்ற கோபம் அவளுக்கு வெகுநாள் தீரவில்லை.

"துரைக்கு நீங்களே ஆள் அனுப்புங்க," என்றாள் திரும்பி வந்து. "அழகம்மா காம்பராவைக் காலி பண்ண வேண்டியதில்லன்னு. உங்க கையெழுத்துல."

"காரணம் கேட்டா?"

"காரணம் கண்டியிலருந்து டாக்டர் ஸக்கரியா சொல்லுவாரு. நாளைக்கு அவரே உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவாரு. மருந்து இருக்கு, பயப்படாதீங்க. அது வரைக்கும் எதையும் நறுக்கி யாருக்கும் குடுக்காதீங்க."

நுஹ்மான் தட்டை மரியாதையாக அவர் பக்கம் தள்ளி வைத்தான்.

*

அழகம்மா இன்னும் வாசலிலேயே நின்றாள். ஜீப் வந்து நின்றதும் கமலாட்சியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. கமலாட்சி வைத்துக்கொண்டிருப்பதே அப்படிப்பட்ட முகம்தான்.

"உள்ள போங்க," என்றாள் கமலாட்சி.

"போலாங்களா?"

"உங்க காம்பராவும் உங்களுக்குத்தான். சீட்டைக் கிழிச்சுப் போடச் சொல்லியாச்சு. பால் இன்னிக்கு வராது. வந்தாலும் குடுக்காதீங்க. கஞ்சி வெச்சு, நீங்களே உங்க கையால ஊட்டுங்க."

அழகம்மா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் உள்ளே கடைசித் தொட்டிலின் முடிச்சு அவிழ்ந்து, குழந்தை வீரிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல அந்த முடிச்சை," என்று சுந்தரம்மாவைத் திட்டிக்கொண்டே அவள் உள்ளே ஓடினாள். ஓடும்போது வாசற்படியை மிதித்தது அவளுக்குத் தெரியவில்லை. கமலாட்சிக்குத் தெரிந்தது.

திரும்பும் வழியில் நுஹ்மான் வெகுதூரம் பேசவில்லை. அது கமலாட்சிக்குப் புதிய அனுபவம். முதல் வளைவு கழிந்தது, பாலம் கழிந்தது. ரத்தோட்டைக் கடைத்தெரு தெரிந்தபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"மிஸ். நான் ரெண்டு துண்டு தின்னேன்."

"பாத்தேன்."

"உப்பு போட்டிருந்தாரு. உப்புல கிருமி சாகாதா?"

"சாகாது."

"கொச்சிக்காய்த்தூள்?"

கமலாட்சி பெட்டிக்குள்ளிருந்து ஒரு புதுப் போத்தலை எடுத்து, அதில் பெயர் எழுதி, ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தாள். நுஹ்மான் ஓரக்கண்ணால் வாசித்தான். அவன் பெயர்தான்.

"நானா," என்றாள் அவள். "இதை நீங்களேதான் நிரப்பணும்."